“இனித் தேவையில்லை” என்று சர்வர் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. வெள்ளிக்கிழமை மாலை, ஜோர்ஜ் டவுனில் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஒரு சின்னக் கணக்கியல் நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பேசினார்.

“அண்ணே, சர்வர் உள்ளயே போக முடியல. நான் ஒண்ணும் செய்யல. டெஸ்க்டாப்ப மட்டும்தான் எடுத்தேன்.”

டெஸ்க்டாப் என்று அவர் சொன்னது சர்வரில் நிறுவியிருந்த திரை, ஐகான் மென்பொருளை. அதற்கப்புறம் ஆட்டோரிமூவ் (இனித் தேவையில்லை என்று கருதும் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, நீக்கும் கட்டளை) போட்டீர்களா என்று கேட்டேன். போட்டிருந்தார். ரீபூட்டும் செய்திருந்தார். சர்வர் இருப்பது சைபர்ஜெயா டேட்டா சென்டரில்.

“இதெல்லாம் இனித் தேவையில்லைன்னு அதுவேதான் சொல்லுச்சு” என்றார். மூன்று பேருமே இதைத்தான் சொன்னார்கள். தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்: இந்த மெஷினுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று ஆப்ட் (உபுண்டு லினக்ஸில் பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் கருவி) பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது இரண்டுதான். இந்த பேக்கேஜை யாராவது பெயர் சொல்லிக் கேட்டு நிறுவினார்களா? மீதமிருக்கும் வேறு பேக்கேஜ் ஏதாவது இதைச் சார்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் பட்டியலில் போட்டுவிடும். டெஸ்க்டாப்போடு ஒட்டிக்கொண்டு வந்த, நெட் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் அப்படித்தான் சிக்குகிறது. உங்கள் ஐபி முகவரியே அதன் கையில்தான் இருக்கிறது என்பது ஆப்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டியது உங்களுக்கு.

“எடுத்த பிறகும் ஓடுச்சே” என்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்த முகவரி கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும்வரை ஓடும். ரீபூட் செய்தால் அதைத் திரும்பக் கொடுக்க ஆள் இருக்காது.

கன்சோல் (சர்வரின் நெட் இணைப்பு இல்லாமலே அதன் திரைக்குப் போகும் வழி) வழியாக உள்ளே போனோம். நெட்வொர்க் கார்டு தெரிந்தது, முகவரி இல்லை. (கார்டே தெரியாவிட்டால் கதை வேறு, கெர்னல் மாட்யூல் பேக்கேஜ் போயிருக்கிறதா என்று பாருங்கள்.) ஆப்டின் ஹிஸ்டரி லாகைத் திறந்தால் எது எப்போது போனது என்று வரிசையாக இருக்கும். அதைப் படிக்காமல் கேபிளை மாற்றி மாற்றிச் செருகுகிறவர்களை என்ன சொல்ல!

நெட்வொர்க்மேனேஜரைத் திரும்ப நிறுவ நெட் வேண்டும், நெட்தான் இல்லை. நல்லவேளையாக உபுண்டுவில் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியோடு கூடவே இருக்கும். நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட் அமைப்புக் கோப்பு) ரெண்டரரை, அதாவது அமைப்பைச் செயல்படுத்தும் ஆளை, அதற்கு மாற்றி, முகவரி, கேட்வே, டிஎன்எஸ் மூன்றையும் எழுதி, நெட்பிளான் அப்ளை கொடுத்தோம். இணைப்பு வந்தது. அந்த முகவரியை யாரும் எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை. நெட்வொர்க்மேனேஜர் விட்டுப்போன பழைய கோப்பிலிருந்துதான் எடுத்தோம்.

எதையும் நீக்குமுன், நிஜமாக நீக்காமல் எது போகும் என்று மட்டும் காட்டும் சிமுலேட் போட்டுப் பாருங்கள். வரும் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள். நெட், டிஹெச்சிபி (முகவரி வாங்கித் தருவது), ரிசால்வ் (பெயரை முகவரியாக்குவது), பைத்தான் என்று எது கண்ணில் பட்டாலும் கையை எடுங்கள். வேண்டியதை, நானே கேட்டு நிறுவியது என்று குறித்து வைக்கும் ஆப்ட்-மார்க் மேனுவல் போட்டுக் காப்பாற்றலாம். கேள்வி கேட்காமல் நீக்கும் அந்த ஒய் (-y) குறியை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ரெட்ஹாட் வகைக்காரர்கள் கூடுதல் கவனம்: அங்கே ஆப்டுக்குப் பதில் இருக்கும் டிஎன்எஃப்பின் ரிமூவே, வேறு எதற்கும் தேவைப்படாத சார்புகளையும் சேர்த்து எடுத்துவிடும். தூரத்திலிருந்து நெட்பிளானை மாற்றினால் அப்ளைக்குப் பதில் ட்ரை கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை மாலையிலும் தீபாவளி விடுமுறைக்கு முதல் நாளும் இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம், கன்சோல் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இன்றே கேட்டு வையுங்கள். அன்றைக்குச் சரிசெய்ய இருபது நிமிடம்தான் ஆனது. கடவுச்சொல்லைத் தேட ஒன்றரை மணி நேரம்.