கரைக்குக் கீழே ஊறும் தண்ணீர் என்ன நிறம்?

ஐப்பசி பிறந்தால் எங்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். ஏரிக்கரைப் பராமரிப்பில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். இன்றைக்கும் ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் முழிப்பு வந்துவிடுகிறது.

திருவண்ணாமலைப் பக்கம் ஓர் ஏரி. மூன்று நாள் விடாத மழையில் நிரம்பி, கோடி, அதாவது உபரித் தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய கல் கட்டுமானம், வழிந்து போய்க்கொண்டிருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் போன் செய்தார்.

"சார், கரைக்குக் கீழ தண்ணி ஊறுதுங்க."

"தெளிவா வருதா, கலங்கி வருதாங்க அய்யா?"

"செம்மண்ணக் கரைச்சு ஊத்துன மாதிரி வருது."

நான் போய்ச் சேர்ந்தபோது ஊர் இளைஞர்கள் இரண்டு டிராக்டர் களிமண் கொண்டுவந்து, ஊறும் ஓட்டையில் மிதித்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அடைத்த இடத்துக்கு நாலடி தள்ளி இன்னொரு ஊற்று கிளம்பியிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கைக்குத்து அளவு வாய், அதைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி வட்டமாக நொய்மணல் குவிந்திருந்தது. அந்த மணல் வெளியிலிருந்து வந்ததில்லை. கரைக்கு அடியிலிருந்து தண்ணீர் அள்ளிவந்து போட்டது.

"களிமண்ணை நிறுத்துங்கப்பா" என்று கத்தினேன். ஊரைக் காப்பாற்ற வந்தவர்களிடம் கத்தினோமே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் செய்தது ஆபத்தான வேலை. உள்ளே ஏரி முழுக்கத் தண்ணீர் நின்று தள்ளுகிறது. வெளியே வாயை அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறி, பலவீனமான வேறு இடத்தைத் தேடிக்கொள்ளும்.

மண்கரை என்றால் கசியத்தான் செய்யும். கசியாத மண்கரையை நான் பார்த்ததில்லை. தண்ணீர் தெளிவாக, அளவு கூடாமல் வந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கி வந்தால் அது கரையைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். இந்த அரிப்பு பெரும்பாலும் வெளிப்பக்கம் ஆரம்பித்து, ஒவ்வொரு பொடி மண்ணாக இழுத்துப்போட்டு, ஏரியை நோக்கிப் பின்னால் குடைந்துகொண்டே போகும். இப்படிக் குடைந்த குழாய் போன்ற வழி ஏரித் தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் நேரமே இருக்காது.

அன்றைக்குச் செய்தது இதுதான். ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் போகலாம், மண் போகக்கூடாது. காபி வடிகட்டி செய்கிற அதே வேலை. சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக, கிணற்றுச் சுவர் போல இடுப்பளவுக்கு அடுக்கினோம். உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கினால் அதன் எடையே ஊற்றை அமுக்கிப் பிடிக்கும். ஒரு பக்கம் மதகைத் திறந்து ஏரி மட்டத்தையும் குறைத்தோம். விடிய நாலு மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. அதற்கப்புறம்தான் டீ குடிக்கப் போனோம்.

இது ஏதோ சின்ன ஏரிச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் விவசாயப் பகுதியில் டீட்டன் என்று ஒரு மண் அணை கட்டினார்கள். பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து. உயரம் 93 மீட்டர். 1976இல் முதன்முறையாகத் தண்ணீர் நிரப்பும்போது, ஜூன் 3, 4 தேதிகளில் அணைக்குக் கீழே சிறு கசிவுகள். தெளிந்த தண்ணீர். ஜூன் 5 காலை ஏழு மணி வாக்கில் கலங்கல் தண்ணீர் வந்தது. ஓட்டையை மூட இறக்கிய இரண்டு புல்டோசர்களை அந்த ஓட்டையே விழுங்கியது. 11:57க்கு அணை உடைந்தது. ஐந்தே மணி நேரம். 11 பேரும் ஆயிரக்கணக்கான மாடுகளும் இறந்துபோயின. பெரிய பெரிய பொறியாளர்கள் கட்டிய அணைக்கே கிடைத்த அவகாசம் அவ்வளவுதான் என்றால், நடுராத்திரி நம்மூர்க் கரைக்கு எவ்வளவு கிடைக்கும்?

இன்னொரு விஷயத்தில் எனக்கு ஊர்க்காரர்கள் மேல் கோபம் உண்டு, உரிமையோடுதான் சொல்கிறேன். கோடியின் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தண்ணீர் தேக்குவது. ஒரு போகத்துக்குத் தண்ணீர் பற்றாத கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த ஓர் அடி, வெள்ளம் வந்தால் கரை தாங்கிக்கொள்ள விட்டிருக்கும் இடைவெளி. மீன் குத்தகை எடுத்தவர்கள் கோடியில் குறுக்கே வலை கட்டுவதும் அப்படித்தான். ஆகாயத்தாமரை வந்து வலையில் அப்பிக்கொண்டால் அதுவே சுவர். கல் கட்டுமானத்தின் மேல் தண்ணீர் வழியலாம், மண்ணின் மேல் வழியக்கூடாது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணைக்கு மதகுகளால் வெளியேற்ற முடியாத வெள்ளம் வந்தது. இருபக்க மண்கரைகளின் மேல் தண்ணீர் வழிந்து, கரைகளே போய்விட்டன. கீழே இருந்த மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

சீமைக்கருவேலம் வெட்டுவதிலும் ஒரு தப்பு நடக்கிறது. மேலோடு வெட்டி விறகுக்கு எடுத்துக்கொண்டு வேரைக் கரைக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். வேர் மட்கினால் அந்த இடத்தில் விரல் தடிமனில் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். கோடையில் வேரோடு பிடுங்கி, குழியை அரையடி அரையடியாக மண் போட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி மூட வேண்டும். நண்டு வளை, எலி வளைகளுக்கும் இதே வைத்தியம்தான். கரையடியில் மண் அள்ளுவதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரையாகிவிடும். அள்ளாதீர்கள், அள்ளவிடாதீர்கள்.

2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவையும்தான் அதற்குள் வரும். தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் கரை அந்த உயரத்தில் பாதிகூட இராது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள ஏரி பொதுவாக நீர்வளத்துறையின் கையில், சின்னது ஊராட்சி ஒன்றியத்தின் கையில். ஒரு பிரிவு அலுவலருக்கு எத்தனை ஏரி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ராத்திரியில் எல்லாக் கரையிலும் அவரால் நடக்க முடியாது. முன்பு ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஊரில் இருந்த நீர்க்கட்டி மழைநாளில் கரையை விட்டு இறங்கவே மாட்டார். இப்போது பல ஊர்களில் அந்த ஆள் இல்லை.

அதனால் ஏரி முக்கால் நிரம்பியதும் ஊரில் இரண்டு பேர், காலையும் மாலையும், கரையின் மேலே மட்டுமல்ல, வெளிச்சரிவின் அடியிலும் நடந்து பாருங்கள். மதகுச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். வெயில் நாளில் ஓர் இடம் மட்டும் பச்சைப்பசேல் என்று புல் வளர்ந்திருந்தால் அங்கே கசிவு உண்டு. ஏரிப் பக்கம் தண்ணீர் ஓரிடத்தில் சுழித்தால் நிற்காமல் ஓடிவந்து கீழ்த்தெருவை எழுப்புங்கள், அப்புறம் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077க்கு, போன் செய்யுங்கள். ஏரி பேர், மதகிலிருந்து எத்தனை தப்படி, எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம். இந்த நாலும் சொன்னால், வருகிறவர் மணலும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டே வருவார்.

இருட்டில் நிறம் தெரியவில்லை என்றால் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிஷம் ஆடாமல் வைத்து, அடியில் மண் தங்குகிறதா என்று பார்க்கலாம். அந்தப் பெரியவருக்கு அன்றைக்கே இதைச் சொல்லிக்கொடுத்தேன். போன கார்த்திகையிலும் போன் செய்தார். "மதகுகிட்ட லேசா ஊறுது சார். பாட்டில்ல பிடிச்சு அரை மணி நேரம் வச்சிருந்தேன். அடியில ஒண்ணுமே தங்கல. இருந்தாலும் காலையில ஒரு நடை வந்து பாத்துருங்க."