கடலில் எண்ணெய் கொட்டினால் யார் அள்ளுவது, யார் பணம் தருவது?

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பிடபிள்யூ மேப்பிள். மற்றொன்று, எண்ணெய்ச் சரக்குடன் உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம். பெரிய கசிவு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில், அலைத்தடுப்புக் கற்களின் இடுக்கெல்லாம் தார் போன்ற குழம்பு தேங்கி நின்றது. உறிஞ்சும் லாரிகள் வந்தன. தடித்துப்போன குழம்பு குழாயில் ஏறாமல் திணறியது. கடைசியில் பிளாஸ்டிக் வாளிதான் கைகொடுத்தது. கல்மேல் குந்தியிருப்பவர் முகந்து கொடுக்க, அடுத்தவர் வாங்கிப் பின்னால் நிற்பவரிடம் தர, இப்படியே கைமாறிக் கைமாறிப் பீப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மாணவர்கள், மீனவர்கள், அரசுப் பணியாளர்கள், வெறுமனே உதவ வந்தவர்கள் என்று பல நாள் அள்ளினார்கள்.

அந்த வாளி வாங்கிய காசு முதல், அன்று தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் நின்ற மீனவரின் நாள் வருமானம் வரை திரும்பக் கேட்டு வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம். கொட்டியது டேங்கர் எனப்படும் எண்ணெய்க் கப்பல் ஏற்றிவந்த சரக்கா, கப்பல் தன்னை ஓட்டிக்கொள்ள வைத்திருந்த எரிபொருளா, கரையில் உள்ள ஆலையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்ததா? மூன்றுக்கும் மூன்று வேறு வாசல்கள். வாசல் மாறித் தட்டினால் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

அள்ளும் பொறுப்பு

முதலில் சுத்தம் செய்யும் கடமையைப் பார்த்துவிடலாம். 1996இல் வகுக்கப்பட்டு, பிறகு திருத்தப்பட்ட தேசிய எண்ணெய்க் கசிவு அவசரகாலத் திட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அதை ஒருங்கிணைப்பது இந்தியக் கடலோரக் காவல் படை. கடற்பரப்பில் எண்ணெய் மிதந்தால் அவர்கள் பொறுப்பு. துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக நிர்வாகம். எண்ணெய் எடுக்கும் மேடைகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் என்றால் அதை நடத்தும் நிறுவனம். எண்ணெய் கரையேறிவிட்டால் மாநில அரசு. அதாவது, ஒரே படலம் காலையில் ஒரு துறையின் தலைவலி, மாலையில் இன்னொரு துறையின் தலைவலி.

அளவை வைத்தும் மூன்று நிலைகள் உண்டு. 700 டன் வரை முதல் நிலை. அந்தந்தத் துறைமுகமோ நிறுவனமோ தன் கையிருப்புக் கருவிகளைக் கொண்டே சமாளித்தாக வேண்டும். 700 முதல் 10,000 டன் வரை இரண்டாம் நிலை. அதற்கு மேல் மூன்றாம் நிலை. எண்ணூரில் 2017இல் கொட்டியது 700 டன்னைத் தொடவில்லை. தாளில் பார்த்தால் அது மிகச் சிறிய நிலைக் கசிவு. பாரதியார் நகர்க்காரர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடலில் படலத்தைப் பார்க்கும் மீனவர் காவல் படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும். எண்ணெயை வெறும் கையால் அள்ளாதீர்கள். சோப்புத் தூளோ வேறு ரசாயனமோ கொட்டிக் கரைக்கவும் முயல வேண்டாம். ஆழம் குறைந்த கழிமுகத்தில் அப்படிச் செய்தால் மேலே மிதந்த எண்ணெய் உடைந்து தண்ணீர் முழுக்கப் பரவி, அடியில் உள்ள நண்டுக்கும் இறாலுக்கும் போய்ச் சேரும். அள்ளிய கழிவும் அபாயகரக் கழிவு என்ற வகையில் வருவது. கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் அடுத்த மழைக்கு மேலே வந்துவிடும்.

முதல் வாசல்: டேங்கர்

கச்சா எண்ணெய், ஃபர்னஸ் ஆயில் போல எளிதில் ஆவியாகாத எண்ணெயைச் சரக்காக ஏற்றிவரும் கப்பலிலிருந்து கொட்டினால் மீனவருக்குச் சட்டம் ஓரளவு சாதகமானது. 1992ஆம் ஆண்டின் இரண்டு பன்னாட்டு ஒப்பந்தங்கள் இதற்கு அடிப்படை. இரண்டும் இந்தியாவுக்குப் பொருந்தும்.

ஒன்றாவது ஒப்பந்தம் கப்பல் உரிமையாளரைப் பிடிக்கிறது. அவர் தவறு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணெய் அவர் கப்பலிலிருந்து வந்தது, அதனால் உங்களுக்கு நட்டம் என்று காட்டினால் போதும். போர், மூன்றாம் ஆள் வேண்டுமென்றே செய்த நாசவேலை, கலங்கரை விளக்கம் போன்றவற்றைப் பராமரிப்பதில் அரசின் அலட்சியம் என்று சில விதிவிலக்குகள் மட்டுமே அவருக்கு உண்டு. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய்ச் சரக்கு ஏற்றும் கப்பல் கட்டாயம் காப்பீடு வைத்திருக்க வேண்டும். உரிமையாளர் ஏதோ ஒரு தீவில் தபால் பெட்டி மட்டுமே வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தாலும் கவலையில்லை. காப்பீட்டாளர்மீது நேரடியாகவே வழக்குத் தொடுக்கலாம்.

ஆனால் உரிமையாளர் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு; அது கப்பலின் அளவைப் பொறுத்தது. 5,000 டன் கொள்ளளவு வரையிலான சிறிய கப்பலுக்கு 45 லட்சத்துப் பத்தாயிரம் எஸ்டிஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. இன்றைய மதிப்பில் ஐம்பது கோடி ரூபாயைத் தாண்டும். நட்டம் அதற்கு மேல் போனாலோ, உரிமையாளரால் கொடுக்க முடியாவிட்டாலோ இரண்டாவது ஒப்பந்தம் வேலை செய்யும். லண்டனில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதியம் மீதியைத் தரும். இரண்டும் சேர்த்து ஒரு விபத்துக்கு 20 கோடியே 30 லட்சம் எஸ்டிஆர் வரை, அதாவது இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

அந்த நிதியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடல் வழியாக ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் எண்ணெய் பெறும் நிறுவனங்கள் செலுத்தும் சந்தாவிலிருந்து. அதிகம் செலுத்தும் நாடுகளின் வரிசையில் இந்திய நிறுவனங்கள் முன்னணியில் இருக்கின்றன. நம் பெட்ரோல் பங்குகளில் நாம் போடும் எண்ணெயின் விலையில் ஒரு துளி இந்த நிதியத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே அங்கே போய்க் கேட்பது பிச்சை அல்ல.

ஒரு ஓட்டை இருக்கிறது. பெட்ரோல், மண்ணெண்ணெய் போல விரைவில் ஆவியாகும் எண்ணெய் கொட்டினால் இந்த ஒப்பந்தங்கள் பொருந்தாது.

இரண்டாம் வாசல்: மற்றக் கப்பல்கள்

கன்டெய்னர் கப்பலில் எண்ணெய்ச் சரக்கு இருக்காது. ஆனால் அதன் எரிபொருள் தொட்டியில் நூற்றுக்கணக்கான டன் ஃபர்னஸ் ஆயில் இருக்கும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13இல் அபாயகரச் சரக்கு. தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல். எண்ணெயைவிடவும் அதிகமாகக் கண்ணில் பட்டது பிளாஸ்டிக் குருணை. அது கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கியது.

இந்த வகைக்குத் தனியாக 2001ஆம் ஆண்டின் பங்கர் எண்ணெய் (கப்பல் எரிபொருள்) ஒப்பந்தம் இருக்கிறது. 1,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் காப்பீட்டை அது கட்டாயமாக்குகிறது. காப்பீட்டாளரை நேரடியாகக் கேட்கவும் வழி செய்கிறது. ஆனால் டேங்கருக்கு இருப்பதுபோல லண்டனில் இரண்டாவது பை ஒன்று இங்கே கிடையாது. காப்பீடு தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1958ஆம் ஆண்டின் பழைய வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தில் பங்கர் எண்ணெய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

எல்சா 3 விவகாரத்தில் கேரள அரசு போன வழி கவனிக்கத் தக்கது. கப்பல் வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டப்படி கடலோர மாநில உயர் நீதிமன்றங்கள் கப்பலையே சிறைப்பிடிக்க உத்தரவிடலாம். மூழ்கிய கப்பலை எப்படிப் பிடிப்பது? அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் விழிஞ்ஞத்தில் நின்றுகொண்டிருந்தது, அதைப் பிடித்தார்கள். அரசு கேட்டது 9,531 கோடி ரூபாய். கப்பலை விடுவிக்க சுமார் 1,227 கோடி ரூபாய்க்குப் பிணை காட்டும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. கப்பல் நம் எல்லைக்குள் நிற்கும்வரைதான் பேரம் பேச முடியும். நங்கூரம் ஏறிவிட்டால் பிறகு கடிதப் போக்குவரத்துதான்.

மூன்றாம் வாசல்: கரையிலிருந்து வந்த எண்ணெய்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் புகுந்தது. அலையாத்திச் செடிகளில் கறுப்புக் கோடு விழுந்தது. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகு பழுப்பாகியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் பக்கம் கைகாட்டியது. குழாய்க் கசிவு எதுவும் இல்லை என்றது நிறுவனம். கப்பலே சம்பந்தப்படாததால் மேலே சொன்ன எந்த ஒப்பந்தமும் இங்கே உதவாது.

இதற்கான இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென் மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. மாசுபடுத்தியவரே பணம் தர வேண்டும் என்ற கொள்கைப்படி, தவறு யார்மீது என்று பாராமலேயே இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு. பாதிப்பு ஏற்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். எண்ணூர் விவகாரத்தைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து எடுத்துக்கொண்டது. கப்பல் வழக்குகளையும் அது விசாரித்திருக்கிறது: 2011இல் மும்பைக்கு அப்பால் மூழ்கிய எம்வி ராக் கப்பலுக்காக 2016இல் 100 கோடி ரூபாய் விதித்தது.

இதற்கிடையே தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. இது நிவாரணம், இழப்பீடு அல்ல. இந்த வேறுபாட்டை அதிகாரிகள் விளக்கிச் சொல்வது அரிது. நிவாரணம் அரசு கருணையோடு எல்லோருக்கும் ஒரே கணக்கில் கொடுப்பது. இழப்பீடு என்பது உங்களுக்கு ஆன நட்டத்தை, நட்டம் செய்தவர் கையிலிருந்து, நீங்கள் காட்டிய கணக்குப்படி வாங்குவது. முதலாவதை வாங்கியதால் இரண்டாவது உரிமை போய்விடாது.

கணக்கு காட்டுவது எப்படி

டேங்கர் கசிவுக்கு லண்டன் நிதியம் எதையெல்லாம் ஏற்கிறது என்று பார்த்தால் மற்ற வாசல்களுக்கும் ஒரு அளவுகோல் கிடைக்கும். எண்ணெய் பட்ட வலை, படகு. சுத்தம் செய்த கூலி, அதற்கு வாடகைக்கு எடுத்த வண்டி. வலையில் எண்ணெய் படாவிட்டாலும் கடலுக்குப் போக முடியாமல் இழந்த வருமானம். மீன் வியாபாரியும் கடலோர விடுதிக்காரரும்கூடக் கேட்கலாம். கடலுக்கு இவ்வளவு கோடி சேதம் என்று சூத்திரம் போட்டுச் சொல்லும் கணக்கை மட்டும் ஏற்பதில்லை; சீரமைக்க ஆன நியாயமான செலவைத்தான் தருவார்கள்.

இங்கேதான் நம்மவர்கள் கோட்டைவிடுவது. எண்ணெய் பிடித்த வலையை மண்ணெண்ணெயில் அலசிப் பார்ப்பார்கள். பிசுக்குப் போனாலும் வாடை போகாது. அந்த வலையில் விழுந்த மீனை ஏலத்தில் எடுக்க ஆளிருக்காது. எரிச்சலில் வலையைச் சுருட்டி எரித்துவிடுவார்கள். அதோடு ஆதாரமும் போயிற்று. எரிப்பதற்கு முன்னால் ஒரு முழம் வெட்டி எடுங்கள். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து, தேதியும் இடமும் எழுதி ஒட்டுங்கள்; கப்பலின் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்தால் முடியும். படகின் பதிவு எண் தெரியும்படி படம் எடுங்கள்.

வருமானத்துக்கு ஆதாரம் இன்னும் கடினம். ஃபைபர் படகுக்காரர் தினமும் ரசீது வாங்குவதில்லை. ஆனால் ஏலம் விடுபவரிடம் ஒரு நோட்டு இருக்கும்: இன்ன தேதி, இன்ன படகு, இறால் இத்தனை கிலோ, இன்ன விலை. சென்ற ஆண்டு இதே மாதத்துப் பக்கங்களையும் கசிவுக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் பக்கங்களையும் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டீசல் மானிய அட்டையும் கூட்டுறவுச் சங்கப் பதிவும் அதற்குத் துணை.

படகு எண்ணை வைத்துப் பட்டியல் போட்டால் விடுபடுகிறவர்கள் உண்டு. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பரி என்ற சிறு கூடையை வாயில் கவ்வியபடி கையால் இறால் தடவுகிறவர்களுக்குப் படகும் இல்லை, பதிவும் இல்லை. கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்கும் பெண்களுக்கும் அதே கதி. சட்டப்படி இருவருமே பாதிக்கப்பட்டவர்கள். ஊர்ப் பஞ்சாயத்து கணக்கெடுக்கும்போதே இவர்கள் பெயரையும் சேர்த்து ஆட்சியரிடம் கொடுத்தால்தான் உண்டு. பிறகு சேர்ப்பது குதிரைக்கொம்பு.

கெடுவையும் சொல்லிவிட வேண்டும். டேங்கர் கசிவில் நட்டம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். நட்டம் தாமதமாகத் தெரிந்தாலும் விபத்து நடந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் முடியாது. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து வாங்கிய ரசீதோ, காப்பீட்டுக்காரர் அனுப்பிய 'பரிசீலனையில் உள்ளது' என்ற கடிதமோ அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது.