ஐசியூ சார்ட்டில் சர்க்கரை: சராசரி மறைக்கும் கணக்கு

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா நிமோனியாவோடு கோயம்புத்தூரில் ஒரு ஐசியூவில் இருந்தார். படுக்கையருகே இருந்த சார்ட்டில் ஒரு நாள் முழுக்க எழுதிய சர்க்கரை அளவுகளை மகள் கூட்டி, எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார். 135 வந்தது. “நல்லாத்தானே இருக்கு? ஆனா டாக்டர் சுகர் கன்ட்ரோல் சரியில்லைன்னு சொன்னார். எது சரி?” என்பது கேள்வி. அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பதால் நிதானமாகப் பேசலாம். டாக்டர் சொன்னதுதான் சரி. ஏன் என்று பார்க்கும்போது ஓர் அழகான கணக்கு வெளியே வருகிறது.

இங்கே வரும் அளவுகள் எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதுதான், நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வருவது போல.

கடும் நோயில் சர்க்கரை ஏறுவதற்கு, முன்பே சர்க்கரை நோய் இருக்க வேண்டும் என்பதில்லை. அட்ரினலின், கார்டிசால், குளுக்ககான் என்ற மூன்று ஹார்மோன்களும் ரத்தத்தில் கூடும். கல்லீரல் குளுக்கோஸை அவிழ்த்துவிடும். தசைகள் இன்சுலின் பேச்சைக் கேட்காது. மேலே ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் 250, 300 என்று போவது சாதாரணம். அப்போது இன்சுலின் கொடுக்கிறார்கள். எந்த அளவுக்கு இறக்க வேண்டும் என்பதில்தான் பெரிய சண்டையே நடந்தது.

2001இல் பெல்ஜியத்தின் லூவனில் கிரேட்டா வான் டென் பெர்கேயின் குழு, அறுவை சிகிச்சை ஐசியூவில் 1,548 நோயாளிகளிடம் ஆய்வு செய்து, சர்க்கரையை 80க்கும் 110க்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தால் ஐசியூ மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைகிறது என்று காட்டியது. உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. 2009இல் நைஸ்-சுகர் என்ற மிகப் பெரிய ஆய்வு 6,104 பேரை வைத்து நேர்மாறாகச் சொன்னது: இறுக்கிப் பிடித்த குழுவில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 சதவீதம், 180 வரை விட்டுப்பிடித்த குழுவில் 24.9. சர்க்கரை 40 அல்லது அதற்கும் கீழே போனவர்கள் முதல் குழுவில் 6.8 சதவீதம், மற்றதில் 0.5 மட்டுமே. மயக்க மருந்தில் இருப்பவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு என்ற எச்சரிக்கைகள் வெளியே தெரியாமல் போகலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்புறம்தான் 180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்குவது, பெரும்பாலானோருக்கு 140க்கும் 180க்கும் நடுவில் வைப்பது என்ற இன்றைய நடைமுறை நிலைத்தது. சர்க்கரை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஐசியூவில் அது ஆபத்தான நம்பிக்கை.

சரி, 135க்கு வருவோம். வாசகி அனுப்பிய சார்ட்டைப் போலவே ஒரு பகலை, எண்களையும் நேரங்களையும் மாற்றி, இங்கே தருகிறேன். காலை 6 மணிக்கு 210. 10 மணிக்கு 200. மதியம் 2 மணிக்கு 56. சிஸ்டர் பதறி, நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல், ஏற்றுகிறார். 2.15க்கு 74. 2.30க்கு 98. 3 மணிக்கு 130. இரவு 7 மணிக்கு 180. ஏழு அளவுகளையும் கூட்டி ஏழால் வகுத்தால் 135தான்.

இந்தக் கணக்கில் என்ன குறை? ஏழு அளவுகளும் சம உரிமையோடு வரிசையில் நிற்கின்றன. ஆனால் அவை சம நேரத்துக்குப் பேசவில்லை. சர்க்கரை 200இல் இருந்தபோது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தார்கள். 56க்கு விழுந்ததும் கால் மணிக்கு ஒரு முறை பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும், அது நல்ல மருத்துவம். ஆனால் அந்த அக்கறையே சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறது. வெயிலடிக்கும்போது ஜன்னல் பக்கமே போகாமல், மேகம் இறங்கினால் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துக் குறித்து வைப்பவருடைய நோட்டில், கோத்தகிரி வருடம் முழுக்க மேகத்துக்குள்ளேதான் இருக்கும்.

இதற்குத் தீர்வு நம் பள்ளிக் கணக்கில் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். நேரத்தைக் கிடை அச்சிலும் சர்க்கரையை நிலை அச்சிலும் வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு கோட்டுத் துண்டுக்கும் கீழே ஒரு சரிவகம் உண்டாகும். அதன் பரப்பு, இரண்டு முனை அளவுகளின் சராசரியை இடைப்பட்ட நேரத்தால் பெருக்கியது. 6இலிருந்து 10 வரை: 205 பெருக்கல் 4, அதாவது 820. 10இலிருந்து 2 வரை: 128 பெருக்கல் 4, 512. பதற்றமான அந்த ஒரு மணி நேரத்தின் மூன்று துண்டுகளும் சேர்ந்து 95தான். 3இலிருந்து 7 வரை 620. மொத்தத்தை 13 மணி நேரத்தால் வகுத்தால் 157 வருகிறது. சார்ட் அதேதான், எண்களும் அவையேதான். 22 புள்ளிகள் வித்தியாசம். ஒவ்வொரு அளவும் தான் நின்ற நேரத்துக்கு ஏற்ற எடையோடு கணக்கில் வந்திருக்கிறது.

ஆனால் 157ஐப் பார்த்து மகிழ்ந்துவிட முடியாது. 140க்கும் 180க்கும் கிட்டத்தட்ட நட்ட நடுவில் நிற்கிற எண் அது. நோயாளி அங்கே நின்றாரா? அதே கோட்டில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். காலை 6இலிருந்து 10.33 வரை 180க்கு மேலே. அப்புறம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இலக்குக்குள். 11.40க்கு 140ஐத் தாண்டிக் கீழே போய், 1.37க்கு 70ஐயும் கடந்து, 2.12 வரை அந்தப் பள்ளத்தில். மறுபடி 3.48க்குத்தான் இலக்குக்குள் நுழைகிறது. 13 மணி நேரத்தில் இலக்குக்குள் இருந்தது 4 மணி 19 நிமிடம், மூன்றில் ஒரு பங்கு. மேலே இருந்த 210ஐக் கீழே இருந்த 56 சரிக்கட்டி, இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல எண்ணை உண்டாக்கிவிட்டன. டாக்டர் பார்த்தது இதைத்தான்.

இந்தச் சரிக்கட்டலைத் தடுக்க, 2004இல் நெதர்லாந்தின் கிரோனிங்கனில் ஃபோகல்சாங் குழு ஓர் எளிய வெட்டு வெட்டியது. 108 என்ற உயரத்தில் ஒரு கிடைக்கோடு. அதற்கு மேலே இருக்கும் பரப்பை மட்டும் எடுத்து மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே சர்க்கரை எவ்வளவு விழுந்தாலும் அந்தப் பரப்பு பூஜ்யம்தான், எதிர்மறையாகாது. ஆகவே தாழ்வு வந்து உயர்வின் குற்றத்தைக் கழிக்க வழியில்லை. ஹைப்பர்கிளைசீமிக் இண்டெக்ஸ் என்று இதற்குப் பெயர். தாழ்வைத் தனியே எண்ண வேண்டும்: 70க்குக் கீழ் எத்தனை முறை, 40க்குக் கீழ் ஒரு முறையாவது போனதா என்று.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஊசலாட்டம். ஆஸ்திரேலியாவில் 7,049 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த மொரிடோகி எகியும் சகாக்களும், சர்க்கரையின் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) கூடக்கூட மரணமும் கூடுவதை 2006இல் காட்டினார்கள். ஊசலாட்டம் ஆளைக் கொல்கிறதா, அல்லது மோசமாக இருப்பவருக்குத்தான் சர்க்கரை ஊசலாடுகிறதா என்பதை இந்த வகை ஆய்வு பிரித்துச் சொல்லாது. ஆனால் தரத்தை அளக்கும்போது அதை விட்டுவிடவும் முடியாது. ஒரு மணிக்கு எவ்வளவு மாறுகிறது என்று கூட்டுவதும் உண்டு. அடிக்கடி பார்த்தால் அந்த எண் தானே பெருகிவிடும் என்பதால், இரண்டு ஐசியூக்களை அதை வைத்து ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

இத்தனை கணக்கும் அடியில் ஒரு சொட்டு ரத்தத்தை நம்பி நிற்கிறது. வீட்டில் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர் ஐசியூவில் தடுமாறும். ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு விரல் நுனியில் ஓட்டம் குறைவு. அங்கே எடுத்த சொட்டு உடலின் நிலையைச் சொல்லாது. ரத்தச்சோகை இருந்தால் பல ஸ்ட்ரிப்கள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும், தாழ்வு ஒளிந்துகொள்ளும். இன்னொன்று மலையில் இருக்கிற நமக்குச் சுவையானது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பயன்படுத்தும் ஸ்ட்ரிப், குளுக்கோஸிலிருந்து வரும் எலக்ட்ரான்களை வைத்துத்தான் அளவைச் சொல்கிறது. அந்த எலக்ட்ரான்களுக்கு ஆக்சிஜனும் போட்டி போடும். ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகமானால் அளவு குறைவாகத் தெரியும். குறைந்தால் கூடுதலாகத் தெரியும். உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் கடலோரத்தைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. அதே ஆளுக்கு மூக்கில் ஆக்சிஜன் வைத்தால் எதிர்ப்பக்கம் போகும். குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் வகை ஸ்ட்ரிப்பில் இந்தத் தொல்லை இல்லை. தமனி ரத்தத்தை பிளட் கேஸ் மெஷினில் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

700 படுக்கைகளோடு உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்திருக்கிறது. இனி ஒவ்வொரு நெருக்கடிக்கும் மலை இறங்க வேண்டியதில்லை என்ற நிலை வரட்டும். அதோடு ஒன்று கேட்கிறேன். ஐசியூ சார்ட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றி, மேலே சொன்ன உயர்வு, தாழ்வு, ஊசலாட்டம் என்ற மூன்று எண்களையும் மாதாமாதம் கணக்கிட ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். புது மெஷின் வாங்க ஆராய்ச்சிப் பணம் கிடைப்பது போல, ஏற்கெனவே எழுதிவைத்த எண்களைப் படிக்கக் கிடைப்பதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம். நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: திருநீறு வையுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் டாக்டருக்குத் தெரியாமல் கஷாயமோ மலைத்தேனோ கொடுக்காதீர்கள். தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான். இன்சுலின் டிரிப் ஓடும்போது அது யாருக்கும் தெரியாத ஒரு மேடு.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கும் வாசகர்களுக்காக இதையும் சேர்க்கிறேன். நோய்க்கு முன்பே சர்க்கரை இருந்ததா என்று அறிய எச்பிஏ1சி பார்ப்பார்கள். சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாத நிலையைச் சொல்லும் பரிசோதனை அது. ஆனால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் குறையான அரிவாள் செல் இருந்தால் அதை நம்ப முடியாது. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலாக 1952இல் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமனும் கட்புஷும் கண்டறிந்தார்கள். அரிவாள் செல் நோய் இருந்தால் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்துவிடும். சர்க்கரை ஒட்டிக்கொள்ள நேரம் போதாததால் எச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து வரும். குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஃப்ரக்டோசமைன் என்ற வேறு பரிசோதனை இருக்கிறது, ஆனால் அது ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவைப் பொறுத்தது. ஐசியூவில் ஆல்புமின் தாழ்ந்திருக்கும் என்பதால், வீடு திரும்பி உடம்பு தேறிய பிறகு எடுப்பதுதான் நல்லது.