மார்கழிப் பச்சையில் நெல் எது, தென்னை எது?

மார்கழியில் மன்னார்குடிப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு எட்டியவரை பச்சைதான். சம்பா கதிர் தள்ளும் நேரம். வாய்க்கால் கரையில் தென்னை, அதற்கப்பால் மூங்கில், குளத்தை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை. 786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சென்டினல்-2 செயற்கைக்கோளுக்கும் அன்றைக்கு எல்லாம் பச்சைதான். அப்படியானால் இதில் நெல் எவ்வளவு என்று எப்படி வரைபடம் போடுகிறார்கள்?

முதலில் பச்சையை எண்ணாக்க வேண்டும். இலையிலுள்ள பச்சையம் வெயிலின் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. சிவப்பை அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியோ இலைக்குள் செல்களிலும் காற்று இடைவெளிகளிலும் மோதிச் சிதறி, ஏறக்குறைய பாதி வெளியே வந்துவிடுகிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்.டி.வி.ஐ. என்னும் பச்சை அளவெண். ஒரு வயல் சிவப்பில் 5 சதவீதமும் அகச்சிவப்பில் 45 சதவீதமும் திருப்பி அனுப்பினால், 40-ஐ 50-ஆல் வகுத்து 0.8. காய்ந்த மண் 0.1, 0.2 என்று நிற்கும். தண்ணீர் பெரும்பாலும் பூஜ்யத்துக்கும் கீழே. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் இந்த இரண்டு ஒளியையும் தனித்தனியாக அளந்தது. அதை வைத்து அமெரிக்கப் புல்வெளிகளில் பிறந்த கணக்கு இது.

ஆனால் மார்கழியில் நெல்லுக்கும் 0.8 வரலாம், அடர்ந்த தோப்புக்கும் 0.8 வரலாம். ஒரு நாள் படம் இங்கே கைவிட்டுவிடும். இந்த எண்ணை வருஷம் முழுக்கக் குறித்து ஒரு கோடாக வரைந்து பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

ஒரு சம்பா வயலை எடுத்துக்கொள்வோம். ஆவணியில் வெறும் மண், எண் தாழ்ந்து கிடக்கிறது. நடவுக்காகத் தண்ணீர் கட்டியதும் இன்னும் இறங்குகிறது. நட்ட பயிர் தூர் கட்டத் தொடங்கியதும் விறுவிறுவென ஏறி, கதிர் தள்ளும்போது உச்சம். தை அறுவடையில் சட்டென்று சரிவு. கோடு அதோடு படுத்துவிடுவதில்லை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்து விதைப்பார்கள் அல்லவா? அது மாசி, பங்குனியில் ஒரு சின்ன மேடாக எழுகிறது. எனக்கு இந்தக் கோட்டில் மிகவும் பிடித்த இடம் அந்தச் சின்ன மேடுதான். குறுவை போட்ட வயலில் இதற்கு முன்னால் இன்னொரு மேடும் இருக்கும். தென்னந்தோப்பின் கோடோ பன்னிரண்டு மாதமும் பெரிய ஏற்ற இறக்கமில்லாமல் போகும். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தைப் பிரித்தறியவும் இதே வழிதான். சுற்றிலும் எல்லாம் காய்ந்த கோடையில் அது மட்டும் பச்சையாக நிற்கும்.

டெல்டாவில் ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வளரும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம் வானத்தை அடைத்துக்கொள்கிறது. ஒளியைப் படம் பிடிக்கும் கருவிக்கு வயலே தெரியாது. இங்கேதான் ரேடார் கைகொடுக்கிறது. 2014-இல் ஏவப்பட்ட சென்டினல்-1 அனுப்பும் சுமார் 5.6 செ.மீ. அலை மேகத்தைத் துளைத்துப் போகும். தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். நாற்று உயர உயர, தண்டிலும் நீரிலும் மோதித் திரும்பும் அலை கூடி, வயல் வெளுக்கும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறும் அந்த வேகம் நெல்லின் அடையாளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நெல் பரப்பைக் கணக்கிட ரேடார் படங்களைப் பயன்படுத்துகிறது.

குளத்து ஆகாயத்தாமரையும் முதலில் தண்ணீர், பிறகு பச்சை என்றுதான் காட்டும். அறுவடைச் சரிவு இல்லாததால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். சந்தேகம் தீராத இடத்தில் கைபேசியோடு வரப்பில் நடந்துபோய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நடை இல்லாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

படத்தின் நுணுக்கமும் முக்கியம். நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் 250 மீட்டர் பிக்சல் ஒன்றில் இரண்டு வேலிக்கு (ஒரு வேலி சுமார் 6.7 ஏக்கர்) மேல் நிலம் அடங்கிவிடும். வயல், தோப்பு, தெரு எல்லாம் கலந்த ஒரே எண். சென்டினல்-2-இன் 10 மீட்டர் பிக்சலிலோ ஒரு மா நிலமே, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கே, ஏறக்குறைய 13 பிக்சலாக விரியும்.

ஒவ்வொரு வயலிலும் கோடு எந்த வாரம் ஏறத் தொடங்கியது என்பதை நிறமாக்கி, கல்லணையிலிருந்து கடலோரம் வரை விரித்துப் பாருங்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்ததா, தள்ளிப்போனதா, திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேர்ந்தது, எந்த வாய்க்காலில் வராமலே போனது எல்லாம் அந்த நிறங்களில் வயல் வயலாகத் தெரியும்.