மிக்ஸட் மீடியா செய்யும் மாணவர்களுக்கு: படம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

பழுதடைந்த ஓவியங்களைச் சீர்செய்வது என் தொழில். நூறு வயதான எண்ணெய் ஓவியத்தைவிட, நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் பல வகைப் பொருள்களைக் கலந்து செய்த மிக்ஸட் மீடியா படம் மோசமான நிலையில் என் மேசைக்கு வருவதுண்டு. திறமைக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. யாரும் தலைப்பு கொடுக்காமல், மதிப்பெண்ணை நினைக்காமல், மனதில் தோன்றியதைக் கைக்குக் கிடைத்த பொருளில் செய்து பார்த்த படங்கள் அவை. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அவை வீணாவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

நீங்கள் கையெழுத்துப் போட்டுப் படத்தை ஓரமாக வைத்த பிறகும் அதிலுள்ள காகிதம், பசை, சாயம், எண்ணெய் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்டு சோதனை செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வழக்கமாக என்னிடம் வரும் படம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மெல்லிய டிராயிங் தாள். அதில் செய்தித்தாள் துண்டுகள், மேலே அக்ரிலிக், ஓரங்களில் ஸ்கெட்ச் பேனா எழுத்து, ஒரு மூலையில் செல்லோ டேப்பால் ஒட்டிய பழைய புகைப்படம். செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கியிருக்கும். அதில் லிக்னின், அதாவது மரத்தின் இழைகளைப் பிணைத்து வைக்கும் பொருள், நீக்கப்படாமல் இருக்கிறது; வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகும், அமிலமும் சேரும், அந்த அமிலம் அடியிலுள்ள தாளையும் கறையாக்கும். ஊதா நிற எழுத்து ஏறக்குறைய மறைந்திருக்கும். சட்டத்தைக் கழற்றினால், சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் மட்டும் அதே ஊதா எழுதிய அன்றைய அடர்த்தியில் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் தின்றது எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை.

எல்லாவற்றிலும் மோசம் டேப். மேலிருக்கும் பிளாஸ்டிக் பட்டை தானாகக் கழன்று விழுந்துவிடும். பசை மட்டும் தாளின் இழைகளுக்குள் இறங்கி, எண்ணெய் பட்டது போன்ற பழுப்புக் கறையாக நிற்கும். அதைக் கரைப்பான் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அப்போதும் முழுதாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

மாற்று வழிகள் கடினமானவை அல்ல. செய்தித்தாளின் தோற்றம் வேண்டுமென்றால், அமிலமற்ற தாளில் அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். டேப்புக்குப் பதில் மாவுச்சத்துப் பசை அல்லது அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக்). ஸ்கெட்ச் பேனாவுக்குப் பதில் நிறமி மை (கரையும் சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள் கொண்ட மை) நிரப்பிய பேனா. ஒரு நிறம் தாங்குமா என்று சந்தேகம் வந்தால், ஒரு துண்டுத் தாளில் கோடுகள் போட்டு, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் வையுங்கள். அட்டையை எடுத்ததும் பதில் தெரிந்துவிடும்.

அடுக்கு வைக்கும் வரிசையும் முக்கியம். காய்ந்த அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பிடிக்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நாளாவட்டத்தில் உரியும். ஆயில் பேஸ்டல், மெழுகு மேலும் அப்படித்தான். அப்புறம், அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூடு பட்டால் இளகும். படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குமிழ் உறையில் சுற்றினால் குமிழ்களின் தடம் விழும்.

இனிமேல் சொல்வதில் மட்டும் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல மாணவர்கள் படுக்கும் அறையிலேயே வேலை செய்கிறார்கள். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள். பேஸ்டல் தூளை வாயால் ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். பேஸ்டல் உதிராமலிருக்க அடிக்கும் ஃபிக்ஸடிவ் ஸ்ப்ரேயை வீட்டுக்கு வெளியே அடியுங்கள். காட்மியம் கலந்த வண்ணங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எபாக்ஸி ரெசின் கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோல் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிது பட்டாலே திரும்பவும் வரும். நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் சோதனை எப்படிச் செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1912-இல் பிக்காசோ பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியை (எண்ணெய்ப் பூச்சு கொடுத்த விரிப்புத் துணி) ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிலும் கயிறு கட்டினார். அதே ஆண்டில் அவரும் அவருடைய சக ஓவியர் பிராக்கும் காகிதத் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார்கள். அவர்கள் ஒட்டிய செய்தித்தாள்களும் இன்று பழுப்பாகத்தான் இருக்கின்றன. காகிதப் படைப்புகளை அருங்காட்சியகங்கள் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கான மங்கிய வெளிச்சத்தில் வைப்பது இதுபோன்ற காரணங்களால்தான். 1970-இல், 34 வயதில் இறந்த சிற்பி ஈவா ஹெஸ்ஸே லேடெக்ஸில் (ரப்பர் பால்) சிற்பங்கள் செய்தார். அது நிலைக்காது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார். அவற்றில் பல இன்று இறுகி, கறுத்து, விரிசல் விட்டுக் கிடக்கின்றன. அழியட்டும் என்றே ஒரு படத்தைச் செய்ய உங்களுக்கும் முழு உரிமை உண்டு. ஆனால் அது நீங்கள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், டேப் எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.

கடைசியாக, படத்தின் பின்புறம் பென்சிலால் தேதி, பயன்படுத்திய பொருள்கள், எதன் மேல் எது என்ற வரிசை ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும். இலை, துணி, கம்பி ஏதாவது சேர்த்திருந்தால் அதையும் குறியுங்கள். எந்தப் பசை என்று தெரிந்தாலே என்னைப் போன்றவர்களுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.