"இவ எனக்கு மக இல்ல, அம்மா"

போன வருடம் ஒரு சனிக்கிழமை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். "எந்த வேலையும் செய்ய மாட்டேங்கிறா மேடம். குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்கிறதில்ல. ஏதாவது குறையான்னு பாருங்க."

மகளிடம் பெயர் கேட்டேன். அம்மா சொன்னார். எந்தப் பாடம் பிடிக்கும் என்றேன். அதையும் அம்மாவே சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் கை பட்டு மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. அவள் அசைவதற்குள் அம்மா கைப்பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தே முடித்துவிட்டார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'பாத்தீங்களா?' என்று அதற்கு அர்த்தம்.

மதுரையில் 16 ஆண்டுகளாகக் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். இங்கே சொல்வது ஒரே வீட்டின் கதையல்ல. மூன்று நான்கு குடும்பங்களை ஒன்றாக்கி, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஆனால் யாருக்குப் பிரச்சினை என்று கூட்டிவருகிறார்களோ அவரோடு கதை நிற்பதில்லை என்பது எல்லா வீட்டுக்கும் பொது.

முதல் நாளில் நான் செய்கிற வேலை படம் போடுவது. ஜீனோகிராம் என்பார்கள். மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி. ஒட்டுதல் அதிகமென்றால் இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்து ஓடும், சண்டையென்றால் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு. படிக்கும்போது பாடப் புத்தகத்தில் பார்த்த படங்களெல்லாம் தென்னை மரம் போல நேராக இருந்தன. நம் வீடுகளை வரைந்தால் ஆலமரம்தான். அக்கா மகளைக் கட்டியவர் இருந்தால் கோடு தலைமுறை தாண்டும். அத்தை மகளைக் கட்டியவர் இருந்தால் கோடு சுற்றிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே விழுது விடும். சில வீடுகளுக்கு ரப்பர் தேய்ந்துபோகும்.

அந்தத் தாய்க்கு 42 வயது, வங்கி வேலை. அவருடைய வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு தம்பிகளின் சதுரங்கள். "உங்களுக்கு 11 வயசுல வீடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் 11 என்றால், அந்த வருடம்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் அப்பா விபத்தில் அடிபட்டுப் படுத்தார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அம்மா நூல் மில்லுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார். தம்பிகளுக்கு 7 வயதும் 4 வயதும். விடியற்காலையில் தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, சின்னவனைக் குளிப்பாட்டுவது, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது எல்லாம் இவர்தான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை, பெருமைதான் இருந்தது. "எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்வாங்க மேடம், 'இவ எனக்கு மக இல்ல, அம்மா'ன்னு."

சரி, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். குழந்தை வீட்டு வேலை செய்வதை நான் நோயாகப் பார்ப்பவள் அல்ல. சால்வடார் மினுச்சின் என்ற குடும்ப சிகிச்சையாளர் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்து, 1967-ல் சக ஆய்வாளர்களோடு ஒரு புத்தகம் எழுதினார். பெற்றோர் இடத்தில் நிற்கும் பிள்ளையைப் பற்றி அதில் பேசுகிறார். கூட்டம் அதிகமான வீட்டில் அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கலாம் என்பது அவர் கருத்து. பெரியவர்கள் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்து, மேலே தாங்களும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் பொறுப்பு மொத்தமும் பிள்ளை தலையில் விழும்போதுதான் சிக்கல். ஹங்கேரியில் பிறந்த குடும்ப சிகிச்சையாளர் இவான் போஸர்மென்யி-நாகி இன்னொரு விஷயத்தைப் பார்த்தார். ஒவ்வொரு குடும்பத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது, யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு தலைமுறை தாண்டி அதில் ஓடுகிறது என்றார்.

என் அனுபவத்தில், சோறு பொங்கிய பிள்ளையைவிட அம்மாவின் அழுகையைக் கேட்ட பிள்ளைக்குத்தான் பாரம் அதிகம். "உங்கப்பா என்னை எப்படிப் படுத்துறார் பாரு" என்று இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லப்பட்ட கதைகள். 11 வயதில் அதற்குப் பதில் சொல்ல முடியாது, கேட்காமல் எழுந்து போகவும் முடியாது. உலையை இறக்கிவிடலாம், இதை எங்கே இறக்குவது?

தமிழில் இது இன்னும் சிக்கல். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று நமக்கு நான்கு சொற்கள். மூத்தவரா இளையவரா என்று காட்டாமல் உடன்பிறந்த ஒருவரை முறை சொல்லி அழைக்க முடியாது. கூப்பிடும்போதே வரிசையும் கடமையும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்பதால், அந்தப் பெயர் வைத்த குழந்தையை 'ஐயா', 'சாமி' என்று அழைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. மகளை 'வாம்மா' என்கிறோம். எனக்கு இதெல்லாம் பிடிக்கும், விடச் சொல்லமாட்டேன். பெண்ணை அம்மா என்று கூப்பிடுவது கொஞ்சல். அம்மாவாகவே ஆக்கிவிடுவது வேறு.

'மக இல்ல, அம்மா' என்ற பாராட்டு பிள்ளைக்குள் என்ன செய்கிறது? தேவைப்படும் வரைதான் தனக்கு மதிப்பு என்று அது கற்றுக்கொள்கிறது. பெரியவர்களான பிறகு இவர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் குற்ற உணர்ச்சி வரும். ஒருவர் கேட்கும் முன்பே பணத்தை அனுப்பிவிட்டு, மறந்தும் தனக்கொன்று கேட்கமாட்டார்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்றால் "அவங்க நல்லா இருந்தாப் போதும்" என்று பதில் வரும். கடனெல்லாம் அடைத்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகு திடீரென்று தூக்கம் போய், இ.சி.ஜி. எடுத்து ஒன்றுமில்லை என்றான பின் என்னிடம் வந்த மூத்தவர்கள் பலர். வேலை முடிந்துவிட்டது, இனி தான் யார் என்று தெரியவில்லை.

இந்தத் தாய்க்கு வேலை முடியவில்லை, மகள் இருந்தாள். தான் பட்டது மகள் படக்கூடாது என்று டம்ளரைக்கூட எடுக்க விடாமல் வளர்த்தார். பிறகு அவள் எடுப்பதில்லை என்று என்னிடம் கூட்டிவந்தார்.

கொடுத்த பயிற்சி சின்னது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் மகளுடையது, அம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் நான்கு முறை எழுந்து போனாராம். "அடுப்பு சத்தம் கேட்டா கை நடுங்குது மேடம்." அடுத்தது, தம்பிகள் போனில் எதைக் கேட்டாலும் உடனே சரி சொல்லாமல், "நாளைக்குச் சொல்றேன்" என்பது. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு மாதம் ஆனது. சொன்ன அன்றே பெரிய தம்பி, "அக்கா, நீ மாறிட்ட" என்றார். பாட்டியோ, "உனக்கு யாரோ சொல்லிக் குடுக்கிறாங்க" என்றாராம். அந்த யாரோ நான்தான். ஒருவர் இடம் மாறினால் வீடே ஆடும். முதல் சில வாரம் நிலைமை மோசமானதுபோல் தெரியும், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

அதனால்தான் முடிந்தவரை வீட்டாரையும் வரச் சொல்வேன். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோடு உறவினர்களையும் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் குடும்பத்தோடு தங்கி வைத்தியம் பார்ப்பது நெடுநாள் வழக்கம். நேரில் போகத் தயக்கமென்றால் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை இருக்கிறது. 14416-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

ஐந்தாவது முறை பாட்டியும் வந்தார். என்னை ஒரு கை பார்க்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். பழைய படத்தை எடுத்து, "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேர் பாட்டி?" என்றேன்.

"அஞ்சு பேரு தாயி. நாந்தான் மூத்தவ. எட்டு வயசுலயே இடுப்புல தம்பியத் தூக்கிட்டேன். அவனை இறக்கி விட்டா அழுவான். அவனோடதான் பாண்டி ஆடுனேன்."

பாட்டியின் மகள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தார். இந்தக் கதையை அவர் கேட்டதே இல்லையாம். நான் பாட்டியின் வட்டத்துக்கு அருகே ஐந்து சின்ன உருவங்களை வரைந்துகொண்டிருந்தேன். பேத்தி எட்டிப் பார்த்து, "அப்ப நான் மட்டும்தான் யாரையுமே தூக்கலையா?" என்றாள்.

பாட்டி முதலில் சிரித்தார். அப்புறம் அம்மாவும்.