சொல் விளக்கம்: ஃபவுல் – ஆட்டப்பிழை

பெரியமேட்டில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணி ஆடும் மாலைகளில், பார்வையாளர் வரிசைகளிலிருந்து ஒரே மூச்சில் எழும் சொற்களில் 'கோல்' என்பதற்கு அடுத்த இடம் 'ஃபவுல்' என்பதற்குத்தான். வியாசர்பாடியின் மண் திடல்களில் ஆடும் சிறுவர்களும் இதையே 'பவுல்' என்று நம் நாவுக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறார்கள். கால்பந்தோடு நில்லாமல் கபடி, கைப்பந்து, கேரம் வரையில் பரவிவிட்ட இச்சொல்லுக்குத் தமிழில் நிகரான சொல் எது என்று கேட்டால், ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். அவற்றுள் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

வியாசர்பாடியில் ஒரு மாலை ஆட்டத்தில், பதினைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பையன் எதிரணிக்காரனின் கால் பட்டு விழுந்து, எழ முடியாமல் கிடந்தான். "சீன் போடாத, எந்திரி" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. அவன் எழ முயன்று மறுபடியும் விழுந்தான். அதன் பிறகே காலுறையைக் கழற்றிப் பார்த்தார்கள், கணுக்கால் வீங்கியிருந்தது. அவனை இருவர் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, எதிராளி செய்த பிழை, அதனால் பட்ட காயம், காயம் பட்டதுபோல் செய்யும் பாசாங்கு ஆகிய மூன்றும் நம் பேச்சில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பது ஒரு பிள்ளையின் வலியையே மறைத்துவிடக்கூடும் என்பது எனக்கு உறைத்தது. சொற்களைப் பிரித்து வைத்தால் பார்வையும் பிரியும் என்று நம்புகிறேன்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் 'ஃபூல்' என்று நீண்ட ஊகாரத்தோடு ஒலித்த இச்சொல்லுக்கு அழுகியது, நாறுவது, அழுக்கடைந்தது என்பதே பொருள். இதற்கு உறவான ஜெர்மன் சொல் இன்றும் அழுகியதையும் சோம்பலையும் குறிக்கிறது. சீழைக் குறிக்கும் 'பூஸ்' என்ற இலத்தீன் சொல்லும், துர்நாற்றத்தைக் குறிக்கும் 'பூதி' என்ற வடசொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழியறிஞர்கள் ஏற்ற முடிவு. அழுகியது என்ற பொருளிலிருந்து அருவருப்பானது, அதிலிருந்து இழிவானது, அதிலிருந்து நேர்மையற்றது என்று படிப்படியாக நகர்ந்துதான் இச்சொல் விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தது. அழகியது, செவ்வியது என்று பொருள்பட்ட 'ஃபேர்' என்ற சொல் இதற்கு எதிர்ச்சொல்லாக நின்றது. ஆகவே ஆங்கிலேயரின் காதில் ஃபவுல் என்பது தொடக்கத்தில் அழுக்கான ஆட்டம். செய்தவனின் மனத்தையும் சேர்த்துக் குறை சொல்லும் சொல்.

கால்பந்து விதிகளும் முதலில் மனத்தைத்தான் பார்த்தன. 1863ஆம் ஆண்டு இலண்டனில் கால்பந்துச் சங்கம் கூடி விதிகளை வகுத்தபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே வேண்டுமென்றே உதைப்பதைத் தடை செய்வதா வேண்டாமா என்பதிலேயே பெரும் பூசல் எழுந்தது. அவ்வாறு உதைப்பது ஆண்மைக்கு அடையாளம் என்று வாதிட்ட பிளாக்ஹீத் அணி, தடை நிறைவேறியதும் சங்கத்தை விட்டே வெளியேறியது. வேண்டுமென்றே செய்தானா என்ற கேள்வி நெடுங்காலம் நடுவர்களின் முன் நின்றது. 1990களின் நடுப்பகுதியில்தான் விதி அந்தக் கேள்வியைக் கைவிட்டு, செயல் எப்படிப்பட்டது என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கியது. இன்று பன்னிரண்டாம் விதி மூன்று படிகளை வைக்கிறது. எதிராளி அருகில் இருப்பதைக் கருதாமல் காலை நீட்டுவது கவனக்குறைவு. அதற்கு ஃப்ரீ கிக் உண்டு, அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று எண்ணாமல் பாய்வது கண்மூடித்தனம். அதற்கு மஞ்சள் அட்டை. தேவைக்கு மேலான விசையோடு மோதி எதிராளியின் உடலுக்கே ஆபத்தை உண்டாக்குவது மிகைவிசை. அதற்குச் சிவப்பு அட்டை. இந்த அட்டைகள் 1970ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கோப்பையில் அறிமுகமானவை. போக்குவரத்து விளக்குகளைப் பார்த்து இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டனுக்குத் தோன்றிய எண்ணம் அது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கிறது. சொல்லின் வேரில் அழுக்கு இருந்தாலும், விதியில் அந்த அழுக்கு கழுவப்பட்டுவிட்டது. கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாத ஆட்டக்காரரும் ஃபவுல் செய்யக்கூடும். ஓர் ஆட்டத்தில் நிகழும் பெரும்பாலான ஃபவுல்கள் அப்படிப்பட்டவையே. எனவே தமிழ்ச் சொல்லும் பழி சுமத்தாததாக இருக்க வேண்டும்.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் 'முறைகேடு' முதலில் விழுகிறது. இன்று அச்சொல்லைப் படிப்பவருக்கு ஏலமும் தேர்வும் நிதிக் கணக்கும்தான் நினைவுக்கு வரும். 'விதிமீறல்' பழி சுமத்தாத சொல்தான், ஆனால் வேண்டியதைவிட அகலமானது. ஆஃப்சைடு நிலையில் நின்று பந்தை வாங்குவதும் விதிமீறலே. அதை யாரும் ஃபவுல் என்பதில்லை. 'தப்பாட்டம்' என்று சிலர் எழுதுகிறார்கள். தப்பு என்னும் தோற்கருவியை முழக்கி ஆடும் ஒரு பெருங்கலைக்கு அது பெயராக இருக்கையில், அதையே குற்றத்தின் பெயராகவும் ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. 'தவறு' பொருந்தக்கூடிய சொல். ஆயினும் தவறவிட்ட பந்து, தவறான பாஸ், தவறிய வாய்ப்பு என்று ஆட்ட வருணனையில் அது ஏற்கெனவே ஓயாமல் உழைக்கிறது. இன்னொரு சுமையைத் தாங்காது.

எஞ்சுவது 'பிழை'. பிழைத்தல் என்பதற்குத் தமிழில் குறி தவறுதல் என்று பழைய பொருள் ஒன்று உண்டு. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், யானையை நோக்கி எறிந்து குறி தப்பிய வேல் 'பிழைத்த வேல்' எனப்படுகிறது. காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட அந்த வேலை ஏந்துவதே இனிது என்று வள்ளுவர் சொல்வதால், அங்கே பிழை என்பது இழிவும் அன்று. கால்பந்தில் நடப்பதும் அதுவே: பந்தைக் குறிவைத்து நீட்டிய கால் பந்தைப் பிழைத்து, எதிராளியின் காலில் பட்டுவிடுகிறது. ஃபவுல் என்பதன் இன்றைய விதிப்பொருளை இவ்வளவு நெருங்கிய சொல் வேறொன்றை நான் காணவில்லை. எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்ற வரிசையில் 'ஆட்டப்பிழை' என்று எழுதினால் பிழை எங்கே நேர்ந்தது என்பதும் தெளிவாகும். 'முதல் பாதியில் ஏழு ஆட்டப்பிழைகள்' என்று எண்ணிச் சொல்லவும் முடியும். 'பிழையாட்டம்' என்றால் முழு ஆட்டமே பிழைபட்டது போலத் தோன்றும் என்பதால் அதை விலக்குகிறேன். வசைமொழி, எச்சில் உமிழ்தல், நடுவரோடு மல்லுக்கு நிற்றல் போன்றவற்றை 'ஒழுங்கீனம்' என்ற பழகிய சொல்லே தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது காயம். இதற்கான ஆங்கிலச் சொல் 'இஞ்சுரி', இலத்தீனில் நீதிக்கு மாறானது என்ற பொருளில் பிறந்தது. உடலில் பட்ட புண்ணைக் குறிக்கும் பொருள் பின்னால் சேர்ந்தது. தமிழில் 'ஊறு' என்ற சொல் இதைவிட வியப்பானது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களின் உணர்வுகளை எண்ணும்போது ஊறு என்பது தொடுதல். ஊறு விளைத்தான் என்னும்போது அதுவே துன்பம். தொடுகையும் துன்பமும் ஒரே சொல்லில் அமர்ந்திருப்பது, உடலோடு உடல் உரசி ஆடும் இவ்வாட்டத்திற்கு எத்துணைப் பொருத்தம்! இருந்தாலும் ஊறு இன்று பேச்சில் இல்லை. காயம் என்பதே எல்லோருக்கும் புரியும், அதுவே போதும். நம் முன்னோர் காயங்களை ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். போரில் எதிர்நின்று மார்பில் ஏற்ற விழுப்புண்ணைப் போற்றினார்கள்; முதுகில் பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்ததைப் புறநானூறு பாடுகிறது. காயத்தின் உண்மையில் மானமே அடங்கியிருந்த மொழி இது.

அந்த உண்மையோடு விளையாடுவதுதான் விதிநூல் 'சிமுலேஷன்' என்று அழைக்கும் செயல். இதன் அடி, ஒத்தது என்று பொருள்படும் 'சிமிலிஸ்' என்ற இலத்தீன் சொல். போல் என்ற நம் உவம உருபின் அடியாகப் 'போலி' வந்ததைப் போலவே, அங்கும் ஒப்புமைச் சொல்லிலிருந்து பொய்மைச் சொல் பிறந்திருக்கிறது. நடுவரை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்யும் இத்தகைய செயலுக்கு எச்சரிக்கை உண்டு என்று 1999ஆம் ஆண்டு விதியில் வெளிப்படையாகவே எழுதினார்கள். தன் மீது பிழை இழைக்கப்பட்டதாகக் காட்டுவது, காயம் பட்டதாகக் காட்டுவது என இரண்டையும் அவ்விதி குறிப்பிடுகிறது.

மற்ற மொழிக்காரர்கள் இதற்குக் கண்ணில் கண்டதையே பெயராக வைத்தார்கள். ஜெர்மானியருக்கு இது தகைவிலான் குருவி. தாழப் பறந்து தரையை உரசிச் செல்வதுபோல ஆட்டக்காரர் கைகளை விரித்து விழுவதால் வந்த பெயர். ஸ்பானியர் நீச்சல் குளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஒரு பெயரை உண்டாக்கிக்கொண்டார்கள். சென்னைக்காரர்களின் சொற்கள் இவற்றைவிட நுட்பமானவை என்பது என் கருத்து. 'சீன் போடுகிறான்' என்றால் ஏதோ நடந்தது, அதை இவன் பெரிதாக்குகிறான் என்று பொருள். 'போங்காட்டம் ஆடுகிறான்' என்றால் நடந்ததே இல்லை, அல்லது நடந்ததை மாற்றுகிறான் என்று பொருள். மிகைப்படுத்தலையும் மோசடியையும் விதிநூல்கூட இப்படிப் பெயரிட்டுப் பிரிக்கவில்லை.

2002ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், துருக்கியின் ஹக்கான் உன்சால் உதைத்த பந்து பிரேசிலின் ரிவால்டோவின் காலில் பட்டது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தார். உன்சால் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேற, ரிவால்டோவுக்குப் பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது. இது போங்கு. இதன் உச்சம் 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் நிகழ்ந்தது. பார்வையாளர் பகுதியிலிருந்து வீசப்பட்ட தீப்பந்தம் அருகில் வந்து விழ, சிலியின் கோல்காப்பாளர் ரொபெர்தோ ரோஹாஸ் இரத்தம் வழியக் கிடந்தார். அவருடைய அணி திடலை விட்டே வெளியேறியது. தீப்பந்தம் அவர் மீது படவே இல்லை என்பதைப் புகைப்படங்கள் காட்டின. கையுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்த பிளேடால் அவரே தம்மைக் கீறிக்கொண்டிருந்தார். அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டு 2001இல் நீக்கப்பட்டது. சிலி அணி 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான தகுதியாட்டங்களிலிருந்தே விலக்கப்பட்டது. அங்கே காயம் மெய்யானது; காரணம்தான் பொய்.

இத்தகைய செயலுக்கு 'நடிப்பு' என்ற சொல்லைப் பலர் ஆள்கிறார்கள். நான் மறுக்கிறேன். நடிப்பில் ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. மேடையில் அழுபவர் அழவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திடலில் அந்த உடன்பாடு இல்லை. 'பாசாங்கு' என்ற சொல்லில் ஏமாற்றும் நோக்கம் உள்ளேயே இருக்கிறது, பேச்சிலும் அது உயிரோடு இருக்கிறது. ஆகவே செயலுக்குப் பாசாங்கு என்றும், அதன் விளைவாகக் காட்டப்படுபவற்றுக்குப் போலி வீழ்ச்சி, போலிக் காயம் என்றும் எழுதலாம்.

மூன்று சொற்களும் தனித்தனியே ஏன் வேண்டும் என்பதற்குப் பிரேசிலின் நெய்மாரே சான்று. 2018ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அவர் தரையில் புரண்டதை உலகமே கேலி செய்தது. அதே நெய்மாரின் முதுகில் 2014ஆம் ஆண்டு கொலம்பியாவின் சூனிகா முழங்காலால் மோதியபோது, நடுவர் அட்டை எதையும் காட்டவில்லை, முதுகெலும்பு முறிந்திருந்தது. 1982ஆம் ஆண்டு செவில் நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மன் கோல்காப்பாளர் ஷூமாக்கர் பாய்ந்து மோதியதில் பிரான்சின் பாத்திஸ்டன் நினைவிழந்து பற்களையும் இழந்தார். அங்கே ஆட்டப்பிழை என்றுகூட அறிவிக்கப்படவில்லை. பாசாங்கு செய்த காலும் காயம் பட்ட முதுகும் ஒரே உடலில் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு வீழ்ச்சியையும் அந்தந்த வீழ்ச்சியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுத்தில் ஆட்டப்பிழை என்று முழுமையாக எழுதலாம். திடலோரத்தில் நின்று கத்த அது நீளம் என்று வியாசர்பாடிப் பயிற்சியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதும் சரிதான். 'பிழை' என்ற இரண்டெழுத்து மட்டும் போதும். ஃபவுல் என்பதை விடச் சிறியது, ஐகாரத்தில் முடிவதால் மூச்சு உள்ளவரை நீட்டிக் கூவவும் ஏற்றது.